ஐந்நூறு ரூபாய்த் தீட்டு

பெரிய சிவன் கோயில்களில் தெற்குப் பிராகாரத்தில் அறுபத்துமூவர் வரிசையாக நிற்பார்கள். கும்பிட வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த வரிசையை நடந்தபடியே கையெடுத்துக் கடந்துவிடுவார்கள். அதில் ஏனாதிநாதரைக் கண்டுபிடிக்கப் பீடத்தில் எழுதியிருக்கும் பெயரைத்தான் தேட வேண்டும். எயினனூர்க்காரர், வாள்வித்தை சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். அதே தொழிலில் அவரோடு போட்டி போட்டுத் தோற்ற அதிசூரன், அவரைத் தனியாகச் சண்டைக்குக் கூப்பிட்டான். நெற்றி நிறையத் திருநீறு பூசி, அதைக் கேடயத்தால் மறைத்துக்கொண்டு வந்தான். வாள் ஓங்கும் நேரத்தில் கேடயத்தை விலக்கினான். நீற்றைக் கண்டதும் ஏனாதிநாதரின் கை ஓய்ந்தது. வாளைக் கீழே போட்டுவிடலாம் என்று நினைத்தார். ஆயுதம் இல்லாதவனைக் கொன்ற பழி எதிராளிக்கு வந்துவிடுமே என்று, போரிடுகிறவர் போலவே வாளையும் கேடயத்தையும் பிடித்தபடி நின்றார். வெட்டுப்பட்டார்.

சேக்கிழார் இவரை ஈழக்குலச் சான்றார் என்று அறிமுகம் செய்கிறார். தென் மாவட்டத்து நாடார்கள் அவரைத் தங்கள் முன்னோராகக் கொண்டாடுகிறார்கள். ஆங்கிலேயர் ஆவணங்களில் வரும் ‘சாணார்’ என்ற பழைய பெயரே சான்றார் என்பதன் திரிபு என்பது அவர்களுடைய வாதம். அது எப்படியோ இருக்கட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் ஏனாதிநாதர் பிராகாரத்துக்குள் பூசை வாங்கிக்கொண்டிருந்தார். அவரை முன்னோர் என்று சொன்னவர்கள் கோபுர வாசலுக்கு வெளியே நின்றார்கள்.

சாமிக்குத் தீட்டுப் படுமா? விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, கமுதி வட்டாரம் இந்தக் கேள்விக்காக நீதிமன்றம் ஏறியிருக்கிறது, வீடு வாசலை இழந்திருக்கிறது, உயிரும் கொடுத்திருக்கிறது. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பேர்போன அந்தக் கரிசல் பூமியின் வரலாற்றில் இந்தக் கேள்வி தொழிற்சாலைகளுக்கு மூத்தது.

அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கமுதி. இன்று அது ராமநாதபுரம் மாவட்டம். அன்று இரண்டு ஊரும் ராமநாதபுரம் ஜமீன்தான். அங்கே மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயில் இருக்கிறது. 1897 மே 14 அன்று இருளப்ப நாடாரும் அவருடன் சில நாடார்களும் அந்தக் கோயிலுக்குள் போனார்கள், தாங்களே பூசையும் செய்தார்கள். அவர்கள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

கோயிலின் பரம்பரை அறங்காவலர் ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி. அவர் தரப்பில் வழக்குப் போடப்பட்டது. நாடார்கள் நுழைந்ததால் கோயில் தீட்டுப்பட்டுவிட்டது, சுத்திகரிப்புச் சடங்குக்கு 2,500 ரூபாய் தர வேண்டும், இனி நுழையக் கூடாது என்று நிரந்தரத் தடையும் வேண்டும் என்று கேட்டார்கள். 1899 ஜூலையில் மதுரை சப்-கோர்ட் தீர்ப்புச் சொன்னது. நுழையும் உரிமை நாடார்களுக்கு இல்லை; சுத்திகரிப்புக்கு 500 ரூபாய் கட்ட வேண்டும்.

சாமியின் அழுக்கைப் போக்க எவ்வளவு ஆகும் என்று ஒரு நீதிபதி கணக்குப் போட்டுப் பார்த்து, கேட்டதில் ஐந்தில் ஒரு பங்கு போதும் என்று முடிவு செய்திருக்கிறார். தீட்டு என்பது கண்ணுக்குத் தெரியாத ஆன்மிக விஷயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு ஒரு விலை இருந்தது, அந்த விலையைப் பேரம் பேசிக் குறைக்கவும் முடிந்தது. கமுதி வழக்கைப் படிக்கிறவர்களுக்கு முதலில் உறைப்பது இதுதான்.

வழக்குப் போட்ட சேதுபதி கொடுங்கோலர் இல்லை. கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துக் கடனாளியானவர், தமிழ்ப் புலவர்களை ஆதரித்தவர். விவேகானந்தரைச் சிகாகோ சர்வமத மாநாட்டுக்குப் போகச் சொல்லி ஊக்கப்படுத்தியவர்களில் முக்கியமானவர். 1897 ஜனவரியில் சுவாமி திரும்பி வந்து பாம்பனில் இறங்கியபோது எதிர்கொண்டு வரவேற்றவரும் அவரே. மறுநாள் ராமேஸ்வரம் கோயிலில் விவேகானந்தர் பேசினார். உண்மையான வழிபாடு எது என்பதுதான் பேச்சு. ஏழையிடமும் எளியவரிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பவனே சிவனை மெய்யாக வழிபடுகிறான், விக்கிரகத்தில் மட்டும் காண்பவனின் வழிபாடு தொடக்கநிலையில்தான் இருக்கிறது என்பது அதன் சாரம். அந்தப் பேச்சு முடிந்து நூறு நாள் சொச்சத்தில் கமுதியில் இருளப்ப நாடார் உள்ளே போனார்.

வேடிக்கையான திருப்பம் பின்னால் வருகிறது. வழக்கு மேல்முறையீட்டில் இருக்கும்போது சேதுபதியே நாடார்களோடு சமரசத்துக்கு இறங்கி வந்தார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கோயிலின் வழக்கத்தை மாற்ற அறங்காவலருக்கு அதிகாரம் கிடையாது என்றது சட்டம். கதவைப் பூட்டச் சொல்லி வழக்குப் போட்டவருக்கே அதைத் திறக்க முடியாமல் போயிற்று. 1903 டிசம்பரில் அவர் இறந்துபோனார். 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. கமுதி மீனாட்சி யாருக்குத் தரிசனம் தரலாம் என்பதை, கமுதியை ஒருநாளும் பார்த்திராத வெள்ளைக்கார நீதிபதிகள் கடல் கடந்து உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அன்றைய சட்டப்படி தெய்வத்தின் விருப்பம் என்பது ‘வழக்கம்’. வழக்கம் என்பது சாட்சிக் கூண்டில் ஏறியவர்கள் சொன்னது.

கோர்ட் நடந்துகொண்டிருக்கும்போதே சிவகாசி எரிந்தது.

சிவகாசிக்கு ஒரு ஊர்க்கதை உண்டு. தென்காசியில் பிரதிஷ்டை செய்வதற்காகப் பாண்டிய மன்னன் ஹரிகேசரி பராக்கிரம பாண்டியன் காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்தான். வழியில் லிங்கத்தைச் சுமந்த பசு இந்த இடத்தில் நின்றுவிட்டது, எவ்வளவு ஓட்டியும் நகரவில்லை. சரி, சுவாமிக்கு இந்த இடம்தான் பிடித்திருக்கிறது என்று இங்கேயே வைத்துவிட்டான். சிவகாசி என்று பெயரும் வந்தது. அப்படித் தானே விரும்பித் தங்கிய சாமியின் கோயிலுக்குள், ஊரில் பெரும்பான்மையான மக்கள் போகக் கூடாது என்றிருந்தது. வியாபாரம் பெருகி, கையில் காசும் பிள்ளைகளுக்குப் படிப்பும் வந்தபின் நாடார்கள் நுழைவுரிமை கேட்டார்கள். பூசல் வளர்ந்தது. 1899 ஜூன் 6 அன்று சுற்றுவட்டாரத்திலிருந்து சுமார் ஐயாயிரம் பேர் திரண்டு ஊரைத் தாக்கினார்கள். மறவர்கள் முன்னின்றார்கள், வேறு சாதியாரும் சேர்ந்துகொண்டார்கள். சிவகாசி எதிர்த்து நின்று காத்துக்கொண்டது. தீ அதோடு அடங்கவில்லை. தெற்கே திருநெல்வேலிச் சீமை வரை கிராமம் கிராமமாக நாடார் வீடுகள் கொள்ளை போயின, கொளுத்தப்பட்டன. இரு தரப்பிலும் ஆள் செத்தார்கள். தண்டப் போலீஸ் வந்து உட்கார்ந்தது, அதன் செலவும் மக்கள் தலையில் விழுந்தது. போதும் இந்த மதம் என்று இஸ்லாத்துக்குப் போன நாடார் குடும்பங்களும் உண்டு.

அடிக்க வந்தவர்களையும் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். ஊர்க்காவல் அவர்களுடைய உரிமை, கோயில் மரியாதையில் அவர்களுக்குப் பங்கு இருந்தது. காலம் மாறி, போலீஸ் வந்து காவல் கூலி குறைந்தது. நேற்றுவரை வாசலில் நின்றவன் வண்டி வண்டியாகச் சரக்கு ஏற்றினான். கோயில் வாசல் ஒன்றுதான் பழைய வரிசை அப்படியே மிஞ்சியிருந்த இடம். சாமிக்குத் தீட்டு என்று சொன்னார்கள். அதற்குள் தங்கள் வரிசை போகிறதே என்ற பதற்றமும் கலந்திருந்தது.

தத்துவத்துக்கு வருவோம். தீட்டை ஆதரிக்கிறவர்கள் வாயடைத்துப் போகிறவர்கள் அல்ல. அவர்களுக்கு ஆகமம் இருக்கிறது. இறைவன் எங்கும் இருக்கிறான், சரி. ஆனால் கோயில் மூர்த்தியில் மந்திரத்தால் ஆவாகனம் செய்யப்பட்ட சாந்நித்தியம் வேறு. அதைக் காக்க விதிகள் இருக்கின்றன. விதி மீறினால் சாந்நித்தியம் குறையும். அதனால் பிராயச்சித்தம், சம்ப்ரோட்சணம். சாமி அழுக்காகிவிட்டார் என்று இதற்கு அர்த்தம் இல்லை, அவர் அங்கே எழுந்தருளியிருக்கும் ஏற்பாடு குலைகிறது என்பதே அர்த்தம் என்பார்கள். இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. பூசை என்பதே ஒரு ஏற்பாடுதான். குளித்துவிட்டு விளக்கேற்றும் பாட்டியும் இந்த ஏற்பாட்டை நம்புகிறவர்தான்.

இதற்குப் பதில் அதே சைவத்துக்குள் இருக்கிறது. சித்தாந்தம் பதி, பசு, பாசம் என்று மூன்று சொல்கிறது. மலம் பசுவுக்கு, அதாவது உயிருக்கு. பதியை மலம் தீண்டுவதே இல்லை. ஆணவ மலத்தோடுதான் எல்லா உயிரும் கோயிலுக்கு வருகிறது. அர்ச்சகரும் அப்படித்தான், அறங்காவலரும் அப்படித்தான். அந்த மலத்தைக் கழுவத்தான் கோயிலே இருக்கிறது. வைத்தியசாலைக்குள் நோயாளி வந்துவிட்டான் என்று யாராவது வழக்குப் போடுவார்களா?

தத்துவம் வேண்டாம், கதை போதும் என்கிறவர்களுக்குக் கண்ணப்பர் இருக்கிறார். காளத்தி மலையில் வாயில் கொண்டுவந்த நீரை உமிழ்ந்து அபிஷேகம் செய்தார், தலையில் செருகிவந்த பூவைச் சூட்டினார், தின்று ருசி பார்த்த பன்றிக் கறியைப் படைத்தார். மறுநாள் வந்த சிவகோசரியார் அலறினார். இறைச்சியும் எலும்பும் கிடந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கி, சுத்திகரிப்புச் செய்து, முறைப்படி பூசை செய்தார். தினமும் இப்படி. தினமும் தீட்டு, தினமும் சுத்திகரிப்பு. கடைசியில் சிவன் கனவில் வந்து அந்த வேடனின் செயல் அத்தனையும் தனக்கு இனியவை என்று சொல்கிறார். சிவகோசரியாரும் நல்லவர்தான், அவருடைய பூசையை இறைவன் தள்ளவில்லை. ஆனால் தீட்டு என்ற புகாரை அவர் கொண்டுபோனபோது தீர்ப்பு வேடன் பக்கம் விழுந்தது. மதுரை சப்-கோர்ட்டில் இரு தரப்பும் ஆகமத்தைப் புரட்டினார்கள். எத்தனையோ சிவன் கோயில் சுவர்களில் வரைந்திருக்கும் இந்த வழக்கை முன்னுதாரணமாகக் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

நாடார்கள் கோர்ட்டில் அப்படி வாதாடவில்லை. இந்த வரலாற்றில் மனதை உறுத்தும் இடம் இது. அவர்களுடைய வாதம், நாங்கள் க்ஷத்திரியர், பாண்டியர் வழியினர், ஆகவே எங்களை விடுங்கள் என்பது. கோயில் எல்லாருக்கும் பொது, மனிதன் நுழைந்தால் தீட்டில்லை என்று அவர்கள் கேட்கவில்லை. வரிசை இருக்கட்டும், அதில் எங்கள் இடம் மேலே என்று கேட்டார்கள். அன்றைய சட்டத்தில் அப்படிக் கேட்டால்தான் எடுபடும் என்ற நிர்ப்பந்தம் உண்மைதான். பிரிட்டிஷ் நீதிமன்றம் சமத்துவத்தைக் கேட்காது, வழக்கத்துக்குச் சான்றுதான் கேட்கும். இருந்தாலும் அந்த வாதம் வென்றிருந்தால் கதவு ஒரு சாண்தான் திறந்திருக்கும். பின்னால் நின்ற பள்ளரும் பறையரும் சக்கிலியரும் அங்கேயே நின்றிருப்பார்கள். தோற்றதும் ஒரு வகையில் நல்லதுக்குத்தானோ என்று தோன்றுகிறது.

அதற்கு முன்பே தெற்கே ஒருவர் வேறு பதில் சொல்லியிருந்தார். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் கருவறையில் கண்ணாடியை வைத்தார். கும்பிட வருகிறவன் தன் முகத்தையே பார்க்கிறான். யாரை வெளியே நிறுத்துவது? நிறுத்த ஆளே இல்லாத ஒரு கருவறையை அவர் யோசித்திருக்கிறார். நாராயண குருவும் பிற்காலத்தில் களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். கமுதிக்காரர்கள் கல்லாலான மீனாட்சியைத்தான் கேட்டார்கள், அந்த ஆசையும் மதிக்கத்தக்கதே. தலைமுறை தலைமுறையாக வெளியிலிருந்தே கும்பிட்ட அம்மனை ஒருமுறை கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும் என்பதைத் தத்துவம் சொல்லித் தீர்த்துவிட முடியாது.

பூமியின் மறுபக்கத்தில் இன்னொரு கூட்டம் இதே கேள்வியை வேறு வழியாகச் சந்தித்தது. அமெரிக்காவின் டெக்சாஸ், லூசியானா, ஆர்க்கன்சா எல்லைப் பக்கம் கடோ என்ற பூர்வகுடிகள் பல நூற்றாண்டுகளாக மண்மேடுகள் எழுப்பி, மேலே கோயிலும் கீழே ஊருமாக வாழ்ந்தார்கள். மக்காச்சோளம் விதைத்தார்கள், அழகான மண்கலம் வனைந்தார்கள். அவர்களில் ஹசினாய் பிரிவினரைக் கண்ட ஸ்பானியப் பாதிரிமார்கள் ஒரு விஷயத்தை விரிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். தலைமைப் பூசாரியின் பொறுப்பில் ஒரு கோயில். அதில் அணையாத நெருப்பு. வீடுகளின் அடுப்பெல்லாம் அந்த நெருப்பிலிருந்து பற்றவைத்தவை. பாதிரிமார்களுக்கு அது அஞ்ஞானம். ஆனால் அந்த ஏற்பாட்டை யோசித்துப் பார்க்க வேண்டும். கோயிலின் புனிதம் வீட்டு அடுப்புவரை நடந்து வருகிறது. சோளம் வேகும் பானைக்குக் கீழே எரிவதும் அதே சாமி. எடுக்க எடுக்கக் குறையாதது நெருப்பு ஒன்றுதான். ஒரு திரியிலிருந்து ஆயிரம் திரி ஏற்றினாலும் முதல் திரி தீட்டுப்படுவதில்லை.

அந்த மக்களை 1835-இல் ஒப்பந்தம் என்ற பெயரில் லூசியானா நிலத்தைவிட்டு வெளியேற்றினார்கள். 1859-இல் டெக்சாஸிலிருந்தும் துரத்தினார்கள். இன்று அவர்களுடைய தலைமையகம் ஓக்லஹோமாவில் பிங்கர் என்ற சிறிய ஊரில் இருக்கிறது. மேடுகள் பழைய இடத்தில் அடுத்தவர் நிலத்தில் நின்றுவிட்டன. எடுத்துப்போக முடிந்ததை எடுத்துப்போனார்கள். அவர்களுடைய பெண்கள் ஆடும் வான்கோழி நடனம் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட வேண்டும். அதன் பாட்டுகளில் பழைய போர்களும் வெற்றிகளும் பொதிந்திருக்கின்றன. கோயிலை இழந்தவர்கள் வரலாற்றைக் காலடியில் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

உள்ளே விடாத கோயிலின் முன் நின்ற நாடார்களும் தூக்கிச்செல்லக் கூடிய ஒன்றைச் செய்துகொண்டார்கள். அதன் பெயர் மகமை.

சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்ற ஆறு ஊர்களில் அவர்கள் பேட்டைகள் கட்டினார்கள். சுற்றுச்சுவர் எழுப்பிய வளாகம். வண்டியை அவிழ்த்துப்போட்டு, மாட்டைக் கட்டி, மூட்டையைத் திருட்டுப் பயமில்லாமல் இறக்கி வைக்கலாம். உறவின்முறை என்ற அமைப்பில் ஒவ்வொரு குடும்பத் தலைவரும் உறுப்பினர். நிர்வாகத்தை முறைவைத்துப் பார்க்கிறவர் முறைகாரர். வாங்கும் விற்கும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை வியாபாரி தானாகவே பொதுவுக்கு எடுத்து வைப்பார். அதுதான் மகமை. வத்தல், மல்லி, பருத்தி, எண்ணெய் எல்லாவற்றிலும் சாமிக்கு ஒரு பங்கு. அந்தக் காசில் மாரியம்மன் கோயிலும் நடந்தது, கிணறும் வெட்டினார்கள், கோர்ட் செலவும் பார்த்தார்கள், பள்ளிக்கூடமும் கட்டினார்கள். சாமிக் காசில் கணக்கும் பாடமும் சொல்லிக்கொடுப்பதா என்று அவர்களில் யாரும் தயங்கியதாகத் தெரியவில்லை.

விருதுநகரின் பழைய பெயர் விருதுபட்டி. அங்கே 1880களில் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலாவுக்கு மகமை தவிர இன்னொரு வருமானமும் இருந்தது. பிடி அரிசி. காலையில் உலை வைக்க அரிசி அளக்கும் பெண், ஒரு பிடியை அள்ளித் தனியாக ஒரு கலயத்தில் போடுவாள். அடுப்படியில் எப்போதும் அந்தக் கலயம் இருக்கும். வீட்டில் அரிசி குறைந்த நாளிலும் அந்தப் பிடி விழ வேண்டும். குறிப்பிட்ட நாளில் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து வாங்கிப்போவார். சேர்ந்த அரிசியை விற்று வாத்தியார் சம்பளம். பூசை அறையில் செய்கிற நைவேத்தியத்துக்கும் இந்தப் பிடி அரிசிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், நைவேத்தியம் மறுபடி வீட்டுக்கே வந்துவிடும், பிடி அரிசி அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போய்விடும். தீட்டு எதிலிருந்து விலக வேண்டும் என்று சொல்கிறது. பிடி அரிசி எதைச் சேர்க்க வேண்டும் என்று சொல்கிறது. இரண்டில் எது மதம் என்று கேட்டால் இந்தக் கட்டுரை அந்தக் கலயத்தைத்தான் காட்டும்.

அந்தப் பள்ளியில் சில ஆண்டுகள் மட்டுமே படித்துவிட்டு நின்றுபோன பையன் ஒருவன் பிற்பாடு முதலமைச்சரானதும், பள்ளிக்கூடத்தில் சோறு போட்டதும் ஊரறிந்த கதை.

மாரியம்மன் கோயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் போனவர்கள் அக்கினிச்சட்டியைப் பார்த்திருப்பார்கள். மஞ்சள் சேலை, வேப்பிலைக் கொத்து, கையில் கொழுந்துவிட்டு எரியும் மண்சட்டி. அனல் முகத்தில் அடிக்க, வியர்வையில் மஞ்சள் கரைந்து கழுத்தில் வழிய, பெண்கள் தெருத்தெருவாக நடக்கிறார்கள். இங்கே பக்தையின் கையிலேயே சாமி இருக்கிறது. நடுவில் கதவு இல்லை. வேண்டுதல் வைத்தவள் நெருப்பைத் தானே சுமக்கிறாள். பெரிய கோயில் பூட்டியிருந்த காலத்தில் இந்த ஊர் மக்கள் இந்த அம்மனிடம்தான் அழுதார்கள், சிரித்தார்கள். உறவின்முறைகள் தங்கள் அம்மன் கோயில்களைப் பெரிதாக எடுத்துக் கட்டியதற்குக் காரணம் வெறும் செல்வம் மட்டும் இல்லை.

ஒரு குரல் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1931 ஆகஸ்டில் சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாவது மாகாண மாநாடு விருதுநகரில் நடந்தது. நாடார் சமூகத்துத் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் அந்த இயக்கத்தின் தூண்களில் ஒருவர். உள்ளே விடாத சாமியை எதற்குக் கெஞ்ச வேண்டும், அந்தச் சாமி எதற்கு என்று அவர்கள் கேட்டார்கள். அக்கினிச்சட்டி சுமந்த ஊரே அந்தக் கேள்வியையும் சுமந்தது. இரண்டுக்கும் இடம் கொடுத்த ஊர் என்ற பெருமை விருதுநகருக்கு உண்டு.

சிவகாசிக்குத் தொழில் வந்த கதை எல்லாருக்கும் தெரியும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். வானம் பார்த்த பூமியில் தீக்குச்சியும் பிறகு பட்டாசும் சோறு போட்டன. கால் நூற்றாண்டுக்கு முன் வீடு கொளுத்தப்பட்ட ஊர் நெருப்பையே பிழைப்பாக்கிக்கொண்டது. அந்த நெருப்பின் விலையும் பெரிது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். மருந்துத் தூசியில் கை வெள்ளியாக மின்ன வேலை செய்கிறவர்களில் தலித் குடும்பங்கள் ஏராளம்.

மறுபடி கோயில் கதவுக்கு வருவோம். 1939 ஜூலை 8. மதுரை மீனாட்சி அம்மன் கோயில். அதே கோயிலில் 1874-இல் மூக்க நாடார் என்பவர் நுழைந்து, கோயில் பணியாட்களால் வெளியே தள்ளப்பட்டிருந்தார். அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து அ. வைத்தியநாத அய்யர் தலைமையில் ஒரு சிறு குழு உள்ளே போயிற்று. மேலூர்ப் பக்கத்து பி. கக்கன் உட்பட ஐந்து தலித்துகள். அவர்களோடு விருதுநகர் எஸ்.எஸ். சண்முக நாடார். தலித்தும் நாடாரும் ஒரே வரிசையில் ஒரே நேரத்தில் அம்மனைப் பார்த்தார்கள். நாங்கள் க்ஷத்திரியர் என்று அங்கே யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. பட்டர்களில் ஒரு சாரார் கோயிலைச் சுத்திகரித்தால்தான் பூசை என்று பிடிவாதம் பிடித்தார்கள். நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு முடியாது என்றுவிட்டார். கமுதியில் 500 ரூபாய் கேட்ட தீட்டுக்கு மதுரையில் ஒரு பைசாகூடச் செலவாகவில்லை. அதே ஆண்டு ராஜாஜி அரசு ஆலய நுழைவுச் சட்டம் கொண்டுவந்தது. 1947-இல் வந்த சட்டம் மாகாணத்தின் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டது.

1954-இல் முதலமைச்சரான காமராஜர் அமைச்சரவை அமைத்தபோது, இந்து அறநிலையத் துறையை பி. பரமேஸ்வரனிடம் கொடுத்தார். தலித். எந்தச் சமூகத்தவர் நுழைந்தால் தீட்டு என்றார்களோ அந்தச் சமூகத்துக்காரர் கையில் கோயில் நிர்வாகம் வந்தது. அமைச்சர் வந்தால் பூர்ணகும்பம் எடுத்து வரவேற்க வேண்டும். கொள்கை விளக்கம் எதுவும் கொடுக்காமல், பெயர்ப் பட்டியலில் ஒரு வரியாகவே இந்தத் தத்துவச் சர்ச்சைக்குப் பதில் எழுதினார் பிடி அரிசிப் பள்ளியில் படித்த அந்த மனிதர்.

இத்தனைக்கும் பிறகும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் திருவிழா நேரத்தில் தேர் எந்தத் தெருவரை வரும், எந்தத் தெருவுக்கு வராது என்ற பேச்சு எழுகிறது, தாசில்தார் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடக்கிறது, சில கோயில்களுக்குப் பூட்டும் விழுகிறது. பூட்டப்பட்ட கதவின் வலியை மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். உறவின்முறைகளிடம் கோயில் இருக்கிறது, பள்ளி இருக்கிறது, கல்லூரி இருக்கிறது, மகமை இன்னும் இருக்கிறது. தங்கள் தெருவின் அம்மன் தேர் பக்கத்துக் காலனிக்குள்ளும் போய்த் திரும்பட்டும் என்று அவர்கள் முதலில் சொன்னால், அதைத் தட்டிக் கேட்கும் தகுதி இந்த வட்டாரத்தில் யாருக்கும் இல்லை.

கமுதிப் பக்கம் போகிறவர்கள் மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்கு ஒரு நடை போய்வாருங்கள். இன்று யாரும் தடுக்க மாட்டார்கள். விபூதியை நெற்றியில் இட்டுக்கொள்ளும்போது, 1897-இல் அதே காரியத்தைச் செய்ததற்காக இருளப்ப நாடாரும் அவருடன் வந்தவர்களும் 500 ரூபாய் கட்டவேண்டியிருந்தது என்று கூட வரும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.